பாய்மரத்தில் தொங்கிய பலகை

போன மாசம் ஒரு மதியம், பில்ட் ஓடிக்கிட்டிருந்தது. எனக்கு வேலை இல்லை. ஏழாவது மாடி ஜன்னலுக்கு வெளியே ஒருவர் மேலிருந்து மெதுவாக இறங்கினார். கயிற்றில் தொங்கும் பலகை, பக்கத்தில் வாளி. கண்ணாடி துடைக்கிறவர். டீக்கடையில் பிடித்துக் கேட்டேன்.

"பலகை உக்கார வசதியா இருக்காண்ணே?"

"சுகமாத்தான் சார் இருக்கு. தொங்குறோம்ங்கறதே பாதி நேரம் மறந்துடும்."

அது மண்டையைக் குடைய, பலகையின் பூர்வீகத்தைத் தேடினேன். நேராகக் கப்பலில் கொண்டுபோய் விட்டது! அதன் பெயர் போசன் நாற்காலி. போசன் என்பவர் கப்பலின் மேல்தளத்து மேஸ்திரி. பாய்மரத்துக்கு எண்ணெய் பூச, கயிறுகளுக்குத் தார் தடவ, ஆளைப் பலகையில் உட்காரவைத்து மேலே இழுப்பார்கள்.

மற்றபடி பாய் சுருட்டக் கயிற்றேணியில் ஏறணும். இடுப்பில் எதுவும் கிடையாது. "ஒரு கை கப்பலுக்கு, ஒரு கை உனக்கு" என்பதுதான் மொத்தப் பாதுகாப்பு விதியும். 1834 நவம்பரில் பில்கிரிம் என்ற அமெரிக்கக் கப்பலில் ஜார்ஜ் பால்மர் என்ற இளம் மாலுமி மேலிருந்து கடலில் விழுந்தார். வேலைக்கான கயிறு, கப்பி எல்லாம் கழுத்தில் தொங்கின. நீச்சலும் தெரியாது. படகு இறக்கித் தேடியும் கிடைக்கவில்லை. கூட வேலை பார்த்த ரிச்சர்ட் ஹென்றி டானா 1840-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார்.

மாற்றம் வந்தது மலையிலிருந்து. 1970-ல் அன்னபூர்ணா தெற்கு முகம் ஏறப் போன பயணத்துக்காக டான் வில்லன்ஸ் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸ் ஒன்றை வடிவமைத்தார். தலைகீழாகக் கவிழ்ந்தாலும் ஆள் நழுவுவது கஷ்டம். பலகையில் அந்த உத்தரவாதம் இல்லை. ஆனா ஹார்னஸில் அரைமணி தொங்கினால் கால் மரத்துவிடும். அசையாமல் ரொம்ப நேரம் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி உயிருக்கே ஆபத்து.

அப்போ எது வேணும், சுகமா, பாதுகாப்பா? விவரமான பாய்ப்படகுக்காரர்கள் ரெண்டையும் எடுத்துக்கொள்கிறார்கள். உட்கார நாற்காலி, உள்ளே ஹார்னஸ், ரெண்டுக்கும் தனித்தனிக் கயிறு. கொக்கியை நம்பாமல் கயிற்றை நேராக முடிச்சுப் போடுகிறார்கள், ஏன்னா இழுத்தால் திறக்கும் கொக்கி எங்கேயாவது சிக்கித் தானே திறந்துவிடலாம். நம்ம பாஷையில் சொன்னா, பேக்கப் இல்லாம புரொடக்‌ஷனில் கை வைக்காதே!

இடுப்பு பெல்ட் மட்டும் போட்டால் போதாதா? விழும்போது மொத்த அதிர்ச்சியும் வயிற்றில் இறங்கும். அதனால்தான் விழுகிறவரைத் தாங்குவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல் தடை.

நம்ம அண்ணன் போட்டிருந்தது அந்த இடுப்பு பெல்ட்தான். அதுவும் பலகை தொங்கும் அதே கயிற்றில்.

ஆபீஸ் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொன்னேன். "பாக்கலாம் சார்" என்றார். தினமும் போய்க் கேட்பதாக இருக்கிறேன். பில்ட் ஓடும்போது எனக்கும் வேற வேலை இல்லையே.