மாரியப்பன் தங்கவேலு

மாரியப்பன் தங்கவேலு (பிறப்பு: 28 ஜூன் 1995) தமிழ்நாட்டைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி உயரம் தாண்டுதல் வீரர். ரியோ (2016), டோக்கியோ (2020), பாரிஸ் (2024) ஆகிய மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் முறையே தங்கம், வெள்ளி, வெண்கலம் வென்றவர். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் தங்கம் பெற்ற முதல் இந்தியர்.

இளமை

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்தார். ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கி, அதன் வளர்ச்சி நின்றுபோனது. தாய் சரோஜா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். மகனின் சிகிச்சைக்குக் கடன் வாங்கினார். பள்ளியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த மாரியப்பனை உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டுதலுக்குத் திருப்பினார். உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு 14 வயதில் இரண்டாம் இடம் பிடித்தார். 2013இல் தேசிய மாற்றுத்திறனாளர் தடகளப் போட்டியில் இவரைக் கண்ட பயிற்சியாளர் சத்யநாராயணா, 2015 முதல் பெங்களூருவில் பயிற்சி அளித்தார்.

போட்டிப் பிரிவு

ஒரு காலில் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கான டி42 பிரிவில் இவர் வகைப்படுத்தப்பட்டவர். 2018இல் பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டபோது, முழங்காலுக்கு மேல் கால் இழந்து செயற்கைக் கால் பொருத்தியவர்களுக்கு டி63 என்ற தனிப்பிரிவு வந்தது. ஆனால் உயரம் தாண்டுதலில் இரு பிரிவினரும் டி63 என்ற ஒரே போட்டியில் மோதுகின்றனர். இதனால் டோக்கியோ முதல் இவருடைய பாராலிம்பிக் பதக்கங்கள் டி63 என்ற பெயரிலேயே பதிவாகியுள்ளன. எந்தப் பிரிவானாலும் ஆட்ட விதி ஒன்றுதான்: தொடர்ந்து மூன்று முறை கம்பியைத் தட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

பன்னாட்டுப் போட்டிகள்

2016இல் துனீசியாவில் நடந்த கிராண்ட் பிரீ போட்டியில் 1.78 மீட்டர் தாண்டி ரியோவுக்குத் தகுதி பெற்றார். தகுதிக்குத் தேவைப்பட்ட உயரம் 1.60 மீட்டர் மட்டுமே. செப்டம்பர் 9 அன்று நடந்த இறுதிப்போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அமெரிக்காவின் சாம் கிரூ வெள்ளியும் இந்தியாவின் வருண் சிங் பாட்டி வெண்கலமும் பெற்றனர். இருவரும் தாண்டியது 1.86 மீட்டர்.

அடுத்த ஆண்டுகள் எளிதாக அமையவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய பாரா விளையாட்டில் 1.67 மீட்டரோடு வெண்கலம்தான் கிடைத்தது. தங்கம் சக இந்திய வீரர் சரத் குமாருக்குப் போனது. 2019 துபாய் உலகப் போட்டியில் 1.80 மீட்டர் தாண்டி மீண்டும் வெண்கலம் பெற்று, டோக்கியோ வாய்ப்பை உறுதி செய்தார்.

ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு நடந்த டோக்கியோ போட்டியின் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்த வேண்டியவர் இவர். விமானத்தில் கொரோனா தொற்றுள்ள பயணி ஒருவரின் அருகில் இருந்தது தெரியவந்ததால், அந்தப் பொறுப்பு சக இந்திய வீரர் தேக் சந்துக்கு மாறியது. 2021 ஆகஸ்ட் 31 அன்று மழைக்கிடையே இறுதிப்போட்டி நடந்தது. ரியோ பதக்க வரிசை இங்கே தலைகீழானது: 1.88 மீட்டரைத் தாண்டிய கிரூ தங்கத்தையும், 1.86இல் நின்ற மாரியப்பன் வெள்ளியையும் பெற்றனர். ஊனமுற்ற காலில் போட்டிருந்த காலுறை மழையில் நனைந்தது எழும்பத் தடையானதாகப் பின்னர் மாரியப்பன் கூறினார்.

ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் (2023) வெள்ளி பெற்றவர், 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 1.88 மீட்டர் தாண்டி உலகப் பட்டம் வென்றார். எஸ்ரா ஃபிரெச், கிரூ என்ற இரு அமெரிக்கர்களும் அவருக்குப் பின்னால் நின்றனர். நான்கே மாதத்தில் பாரிஸில் ஃபிரெச் 1.94 மீட்டர் தாண்டினார். சரத் குமார் 1.88 மீட்டரோடு வெள்ளியும், மாரியப்பன் 1.85 மீட்டரோடு வெண்கலமும் பெற்றனர்.

பதக்கத்தின் நிறம் மாறினாலும் மூன்று பாராலிம்பிக்குகளிலும் இவர் தாண்டிய உயரத்தில் உள்ள வேறுபாடு 4 சென்டிமீட்டரே. ரியோவில் தங்கத்துக்குப் போதுமாயிருந்த 1.89, பாரிஸில் வெள்ளிக்கு மேல் போயிருக்காது. மாரியப்பன் சரிந்தார் என்பதைவிட, போட்டியின் தரம் ஏறியது என்பதே சரி.

விருதுகள்

2017இல் பத்மஸ்ரீ, அர்ஜுனா விருதுகளும் 2020இல் கேல் ரத்னா விருதும் வழங்கப்பட்டன. ரியோ வெற்றிக்குத் தமிழ்நாடு அரசு 2 கோடி ரூபாய் பரிசளித்தது. டோக்கியோவுக்குப் பிறகு தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் பணி வழங்கியது. அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக்குகளில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் மாரியப்பன்.