பூச்சிக்கொல்லிகளும் பார்க்கின்சன் நோயும்: ஆய்வின் வரலாறு

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயை 1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விரித்து எழுதினார். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் கைநடுக்கமும் தசை இறுக்கமும் நடைத் தளர்வும் உண்டாகின்றன. அவை ஏன் அழிகின்றன என்பதற்கு நெடுங்காலம் விடை இல்லை. வேளாண் மருந்துகள் மீது ஐயத்தை வலுப்படுத்திய நிகழ்ச்சி வயலில் நடந்ததன்று.

1982இல் வடகலிபோர்னியாவில் இளவயதினர் சிலர் உடல் விறைத்து, பேச முடியாத நிலையில் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். முதியோருக்குப் பல ஆண்டுகளில் முற்றும் அறிகுறிகள் இவர்களுக்குச் சில நாட்களிலேயே வந்திருந்தன. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் ஆராய்ந்ததில், எல்லோரும் திருட்டுத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினை ஊசியில் ஏற்றியவர்கள் எனத் தெரிந்தது. அதில் எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. மூளைக்குள் அது எம்.பி.பி.+ ஆக மாறி, நரம்பணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாவதைத் தடுக்கிறது.

இந்த எம்.பி.பி.+ மூலக்கூறு, 1962 முதல் விற்கப்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் மூலக்கூறை ஒத்திருந்தது. (களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி எல்லாவற்றையும் பேச்சில் பூச்சிக்கொல்லி என்றே சொல்லிவிடுகிறோம், இக்கட்டுரையும் அப்படியே.) ஒற்றுமை உருவத்தில்தான். பாராகுவாட் வேறு வழியில், ஆக்சிஜனேற்றத்தால் அணுக்களைச் சிதைக்கிறது. எம்.பி.பி.+ தாக்கும் அதே இடத்தைத் தாக்குவது ரோட்டினோன். 2000இல் எமரி பல்கலைக்கழகத்தில் திமோத்தி கிரீனமைர் குழுவினர் அதை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தி, இந்நோயின் கூறுகளைக் கண்டனர். ரோட்டினோன் டெரிஸ் கொடியின் வேரிலிருந்து கிடைப்பது. இயற்கைப் பொருள் என்று நம்பித் தோட்டங்களில் தெளித்தார்கள்!

எலியில் கண்டதை மனிதரில் காட்டுவது கடினம். 30 ஆண்டுகளுக்கு முன் எந்த மருந்தை அடித்தோம் என்று எந்த உழவருக்கு நினைவிருக்கும்? கலிபோர்னியாவில் அரசுப் பதிவேடுகள் உதவின. 1974 முதல் 1999 வரை பாராகுவாட்டும் மானெப் என்ற பூஞ்சைக்கொல்லியும் தெளித்த வயல்களுக்கு 500 மீட்டருக்குள் வசித்தவர்களுக்கு நோய் வாய்ப்பு 75 விழுக்காடு கூடுதல் என 2009இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2011இல் 110 நோயாளிகளை 358 பேரோடு ஒப்பிட்ட மற்றோர் அமெரிக்க ஆய்வில், பாராகுவாட் அல்லது ரோட்டினோனைக் கையாண்டவர்களுக்கு இது சுமார் 2.5 மடங்காக இருந்தது. இவை காட்டுவது தொடர்பை மட்டுமே. மருந்து தெளித்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. மரபும் வயதும் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆகவேதான் 'காரணம்' என்னாமல் 'இடர்க்காரணி' என்கிறார்கள்.

ஆனால் சட்டம் முழுச் சான்றுக்காகக் காத்திருக்கவில்லை. சுவீடன் தொடுத்த வழக்கில், 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் பாராகுவாட் அனுமதியை இரத்து செய்தது; பார்க்கின்சன் நோய்த் தொடர்பு பற்றிய ஆய்வுகள் மதிப்பிடப்படாததும் அங்கே குறையாகச் சுட்டப்பட்டது. 2012 மே மாதம் பிரான்ஸ் அரசு இதை உழவர்களின் தொழில்சார் நோயாக ஏற்றது. எந்த மருந்தால் வந்தது என்று அங்கே உழவர் நிறுவ வேண்டியதில்லை. 10 ஆண்டுகள் பூச்சிக்கொல்லியோடு வேலை செய்திருந்தால் இழப்பீடு கோரலாம்.