சேர்வராயன் மலை: மண்ணரிப்பும் இயற்கைவழித் தடுப்பும்

சேலம் நகருக்கு வடக்கே உள்ள சேர்வராயன் மலையில் மழைநீர் சரிவுகளின் மேல்மண்ணை அடித்துச் செல்வதைச் செடி, மரம், சருகு, புல், குழி ஆகியவற்றைக் கொண்டு தடுக்கும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. ஏற்காடு என்னும் சுற்றுலாத் தலம் இம்மலையின் மேல்தளத்தில் அமைந்துள்ளது. மலைச்சரிவில் தணிக்கப்பட வேண்டியது ஓடுநீரின் வேகம்.

நிலமும் மழையும்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. பரப்பு ஏறக்குறைய 400 சதுர கி.மீ. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிப்பாறை சார்னோக்கைட் வகை. முகடுகளில் பாக்சைட் படிவுகள் உண்டு. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் பெய்கின்றன. ஆண்டு மழை சராசரியாக 1,500 மி.மீ. அளவில் இருக்கும். திருமணிமுத்தாறும் சரபங்கா ஆறும் இங்கு தோன்றிக் காவிரியில் சேர்கின்றன. எனவே சரிவில் கரையும் மண் கீழுள்ள ஏரிகளையும் வாய்க்கால்களையும் தூர்க்கிறது.

அரிப்பின் காரணங்கள்

வெற்று நிலத்தில் விழும் மழைத்துளி மண்கட்டியை உடைக்கிறது. உடைந்த நுண்துகள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுவதால் நீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடுகிறது. சரிவு நீள நீள ஓட்டத்தின் வேகமும் மண்ணைச் சுமக்கும் ஆற்றலும் கூடும்.

இதற்கு மனிதர் துணைசெய்யும் இடங்கள் பல. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் மலைப்பாதைக்காகச் சரிவுகள் செங்குத்தாக வெட்டப்பட்டுள்ளன. சாலையோர வடிகால், பரவி ஓட வேண்டிய நீரை ஒரே பாலத்தின் அடியில் குவித்துக் கொட்டுகிறது. விடுதிகளுக்காக நிலத்தைச் சமப்படுத்தும்போது மேல்மண்ணும் வேர்களும் ஒருசேரப் போகின்றன. மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் தோண்டியதும் முகடுகளைத் திறந்த நிலமாக்கியது.

நிழல் காப்பித் தோட்டம்

1820 வாக்கில் சேலம் ஆட்சியர் எம்.டி. காக்பர்ன் இங்கு காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். காட்டை அழித்தே தோட்டங்கள் எழுந்தன. ஆயினும் காப்பிச் செடிக்கு நிழல் தேவைப்பட்டதால் மரங்கள் முழுவதும் நீங்கவில்லை. கீழ்நிழலுக்குக் கல்யாண முருங்கையும் மேல்நிழலுக்குச் சில்வர் ஓக் போன்ற உயர்ந்த மரங்களும் வளர்க்கப்படுகின்றன. அவற்றில் மிளகுக் கொடி ஏறுகிறது.

உயரமான மரம் மட்டும் மண்ணைக் காக்காது. இலைகளில் திரண்டு பெரிதாகி உயரத்திலிருந்து விழும் துளி, வெறும் மழைத்துளியைவிடக் கடுமையாகத் தாக்கவும் கூடும். அந்தத் துளியை இடையில் காப்பிச் செடியும் தரையில் சருகும் வாங்கிக்கொள்வதே இம்முறையின் பலம். செடி வரிசைகளுக்கு இடையே சரிவுக்குக் குறுக்காக, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டப்படும் குழிகள் நீரையும் வண்டலையும் பிடித்துவைக்கின்றன. சருகைக் கூட்டி எரித்தாலோ களையை மண்வெட்டியால் அடியோடு செதுக்கினாலோ இந்தக் காப்பு குலைகிறது.

சோலையும் கோயில்காடும்

மலையாளிப் பழங்குடியினர் தெய்வத்துக்கென விட்டுவைத்த கோயில்காடுகளிலும் எஞ்சிய சோலைகளிலும் மரம், புதர், கொடி, பாசி என அடுக்கடுக்கான மூடாக்கு உள்ளது. ஊற்றுக்கண்களின் மேற்புறத்தில் இத்தகைய காடு இருந்தால் நீர் தெளிவாகவும் மெதுவாகவும் வெளிப்படும். மலைப்பகுதிகளில் அனுமதியின்றி மரம் வெட்டுவதைத் தமிழ்நாடு மலைப்பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டம், 1955 கட்டுப்படுத்துகிறது.

புல்வேலி

வெட்டிவேர்ப் புல்லின் வேர் பக்கவாட்டில் பரவாமல் 3 மீட்டர் வரையிலும் செங்குத்தாக இறங்கும். நெருக்கி நட்ட வரிசை, நீரைச் சல்லடையில் விட்டதுபோல் வடியவிட்டு மண்ணை மேற்புறம் நிறுத்துகிறது; ஆண்டுகள் செல்ல அங்கே தானாகவே படிமேடை உருவாகும். மைசூர்ப் பகுதி உழவர்கள் நெடுங்காலமாக இதை வரப்பில் வளர்த்துவந்தனர். 1980-களில் உலக வங்கி இந்தியாவிலிருந்து இம்முறையைப் பிற நாடுகளுக்குப் பரப்பியது. வெட்டிவேர் அடர்நிழலில் தழைப்பதில்லை. ஆகவே காப்பித் தோட்டத்தின் உட்புறத்தைவிட வெயில் படும் சாலைச் சரிவுக்கும் வாய்க்கால் கரைக்குமே அது ஏற்றது.

வரம்புகள்

வேர்கள் பிடித்துநிறுத்துவது மேல்மண்ணைத்தான். பாறைக்கும் சிதைந்த மண்ணுக்கும் இடையே நீர் தேங்கி ஆழத்தில் வழுக்கும் நிலச்சரிவைப் புல்லோ மரமோ தனியே தடுக்காது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. இத்தகைய இடங்களில் நீர் வெளியேறும் வழியும் பொறியியல் தாங்கலும் தேவை. நீலகிரி மலைச்சாலைகளில் மண்ணுக்குள் எஃகுக் கம்பிகளைச் செருகி, மேலே புல்விதை தெளிக்கும் கலப்பு முறையை நெடுஞ்சாலைத் துறை கையாண்டுள்ளது. புல் வேர்பிடிக்கும்வரை மூடாக்கும் பராமரிப்பும் வேண்டும் என்பதால், இப்பணிகள் மழைக்காலம் முற்றுவதற்குள் முடிக்கப்பட வேண்டும். புதிதாக வெட்டிய சரிவை ஒரு பருவமழைக்கு வெறுமையாக விட்டால், பின்னர் நடப்படும் செடிக்கு வேரூன்ற மண்ணே மிஞ்சாமல் போகலாம்.