ஓலைப்பெட்டி முடைஞ்ச காலம்

எங்க திருச்செந்தூர் பக்கம் பங்குனி, சித்திரையில் பதநீர் இறங்கும். அப்பா பனையில, அம்மா கருப்பட்டி அடுப்புல. பிள்ளைகளுக்கு நுங்கு வண்டி. ஆடிக் காத்துக்கு ஓலைக் காத்தாடி.

வெட்டிக் காயவச்ச குருத்தோலையை ஐப்பசி மழையிலதான் வெளிய எடுப்பாங்க. ஈரக்காத்துல ஓலை ஒடியாம வளையும். வீடே உக்காந்து பெட்டி முடையும். கருப்பட்டிக்குக் கொட்டான், நெல்லுக்குக் கடவப்பெட்டி. பொழுதுபோக்குன்னு சொல்லிக்கிட்டாலும் உப்பு, புளி அந்தக் காசுதான்.

பிளாஸ்டிக் வாளி வந்ததும் பெட்டியை யாரும் சீந்தல. பனையும் செங்கல் சூளைக்கு விறகாப் போச்சு. 2019 சனவரியில் தூக்கியெறியிற பிளாஸ்டிக் பைக்கு அரசு தடை போடவும், கடைக்காரங்க திரும்ப ஓலைப்பெட்டி கேட்டாங்க. குருத்து வெட்ட மரமேற ஆளு?

அம்மாவுக்கு இப்பக் கண்ணு தெரியல. விரலால தடவியே பேத்திக்கு விளிம்பு கட்டச் சொல்லிக் குடுக்காங்க.