எவர்சில்வரை உரைத்துப் பார்த்த பாறை: ரைலே பாறையேற்றத்தின் உலோக வரலாறு

தென் தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் இருக்கும் ரைலே ஒரு தீவு அல்ல. ஆனாலும் அங்கே படகில்தான் போக முடியும். நிலப்பக்கத்தைச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. பெர்மியன் காலத்தில் கடலடியில் படிந்த கல் இது. மழை மேலே கரைக்க, அலை அடியில் அரிக்க, முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் பாறைமுகங்கள் உருவாயின. அவற்றிலிருந்து சுண்ணாம்பு விழுதுகள் தொங்குகின்றன. உலகின் பல மூலைகளிலிருந்தும் பாறையேறிகள் இங்கே வருவது இந்த அமைப்புக்காகத்தான். ரைலேயின் கதை பெரும்பாலும் ஏறியவர்களின் துணிச்சலாகவே சொல்லப்படுகிறது. அவர்கள் பாறையில் பதித்த இரும்புக்கு என்ன ஆயிற்று என்று தேடினால், அதைவிடச் சுவையான வரலாறு கிடைக்கும்.

இந்தக் கடலோரத்தில் முதலில் பாறை ஏறியவர்கள் விளையாட்டுக்காக ஏறவில்லை. உழவாரக் குருவியின் கூட்டுக்குச் சீனச் சந்தையில் நல்ல விலை உண்டு. அதற்காக பி பி லே தீவின் வைக்கிங் குகை போன்ற இடங்களில் மூங்கிலையும் கயிற்றையும் நம்பி உள்ளூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஏறினார்கள்.

1980களின் இறுதியில் பிரான்சுவா புர்னியே, தொமினிக் பொத்தார் முதலான ஐரோப்பியப் பாறையேறிகள் வந்தனர். துளையிட்டு போல்ட் பதித்து, அதில் கயிற்றை மாட்டி ஏறும் முறை ஐரோப்பாவில் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. ரைலேயில் அதோடு இன்னொரு வசதியும் இருந்தது. சுண்ணாம்புக்கல்லில் இயற்கையாகவே ஏராளமான துவாரங்கள். அவற்றில் கயிற்றை நுழைத்து முடிச்சுப் போட்டாலே பிடிமானம் கிடைத்துவிடும். ஆனால் வெயிலில் கயிறு இற்றுப்போகும் என்பதால் போல்ட்டே நிரந்தரத் தீர்வாகத் தோன்றியது. 1990களில் கிழக்கு ரைலேயின் ஒன் டூ த்ரீ சுவர் தொடக்கநிலையினரின் பள்ளிக்கூடமானது. பக்கத்து டோன்சாய் கடற்கரை தேர்ந்தவர்களின் களமானது. கிங் கிளைம்பர்ஸ் போன்ற பயிற்சிப் பள்ளிகளை உள்ளூர்க்காரர்களே தொடங்கினார்கள்.

சிக்கல் போல்ட்டில்தான் தொடங்கியது. துருப்பிடிக்காது என்று நம்பிப் பதித்த எவர்சில்வர் போல்ட்டுகள், சில ஆண்டுகளிலேயே, சாதாரணச் சுமைக்கே முறிந்தன. வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். உள்ளே விரிசல் ஓடியிருக்கும். மட்டமான சரக்கு என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். ஆனால் கரீபியக் கடலின் கேமன் பிராக் தீவிலும், அதே வெப்பமண்டலக் கடலோரச் சுண்ணாம்புக்கல்லில், எவர்சில்வர் முறிந்துகொண்டிருந்தது.

எவர்சில்வரைக் காப்பது அதன்மேல் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடுப் படலம். உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைக்கும். இறுக்கி முடுக்கிய போல்ட்டோ எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. அந்த இழுவிசையும் குளோரைடும் சேர்ந்தால் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வளரும். இதைப் பொறியியலில் தகைவு அரிப்பு விரிசல் என்பார்கள். இதிலொரு முரண்: மழை படும் பாறையில் உப்பு அவ்வப்போது கழுவப்பட்டுவிடும். பாறையேறிகள் மிகவும் விரும்பும் சாய்ந்த முகங்களில் மழையே படாது. உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஆக, எந்தச் சரிவு ரைலேக்குப் புகழ் தந்ததோ அதுவே போல்ட்டுக்கு எமனானது. அறை வெப்பநிலையில் எவர்சில்வருக்கு இந்நோய் வருவது அரிது என்ற பொறியாளர்களின் கணிப்பையும் இந்தப் பாறைகள் திருத்தின. முறிந்த போல்ட்டுகளை ஆராய்ந்த ஆஞ்சலா சியோங், லாரி ஐசல்ஸ்டைன் ஆகியோரின் கட்டுரை 2008இல் வெளியானது.

கல் உலோகத்தைச் சோதிப்பது கிராபிக்குப் புதிதல்ல. இதே மாகாணத்தின் குளோங் தோம் பகுதியில் தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவரின் உரைகல் கிடைத்திருக்கிறது. கி.பி. 3–4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; உரியவரின் பெயர் தமிழ் பிராமியில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

எவர்சில்வர் முறிவுக்குத் தீர்வாக வந்தது டைட்டானியம். அதன் ஆக்சைடுப் படலத்தைக் குளோரைடு எளிதில் அசைக்க முடியாது. டைட்டானிய போல்ட்டை முடுக்குவதில்லை; துளையில் பசை நிரப்பிச் செருகுகிறார்கள். அதனால் ஓயாத இழுவிசையும் இல்லை. அமெரிக்கப் பாறையேறி சாம் லைட்னர் முன்னின்று நடத்திய, போல்ட்டுகளை மாற்றிப் பதிக்கும் திட்டத்துக்கு, தாய்லாந்தையும் டைட்டானியத்தையும் இணைத்து ‘தாய்டானியம்’ என்று பெயர் வந்தது. பெயர் விளையாட்டாக இருந்தாலும் வேலை கடினம். துளையைத் தூசியின்றித் துடைக்க வேண்டும், பசை இறுகும்வரை அந்தப் பாதையில் யாரும் ஏறக் கூடாது. விலையோ எவர்சில்வரைப்போலப் பல மடங்கு. பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பும் பின்னர் பிடிமானங்களுக்கான தன் தரவிதியில் அரிப்பைத் தாங்கும் திறனைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் ரைலே இன்னும் தடுமாறுகிறது. பாறையால் விடுதிகளும் படகோட்டிகளும் பயிற்சிப் பள்ளிகளும் பிழைக்கின்றன. போல்ட்டுகளை மாற்றும் வேலையோ பெருமளவு தன்னார்வலர்களின் கைகளாலும் நன்கொடைப் பணத்தாலும் நடக்கிறது. பணம் வந்தால் பாதைகள் புதுப்பிக்கப்படும்; வராதபோது பழைய எவர்சில்வரும் புதிய டைட்டானியமும் ஒரே சுவரில் கலந்து நிற்கும். ஆகவே விவரமறிந்த பாறையேறி ஒரு பாதையின் கடினத்தை விசாரிக்கும் முன், அதிலிருக்கும் போல்ட் எந்த உலோகம், எப்போது பதித்தது என்று உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்கிறார்.