தாய்வீடு இல்லாத பிரசவங்கள்

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிற வழக்கத்தில், வளையல் அடுக்குவதும் பத்தியச் சோறும் வெந்நீரும் கண்ணுக்குத் தெரிகிற பகுதிகள் என்றால், கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்றும் உண்டு: பிள்ளை பெற்றவள் காரணம் சொல்லத் தெரியாமல் நடுநிசியில் அழும்போது, ஏன் அழுகிறாய் என்று அதட்டாமல் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ள அவளைப் பெற்றவள் இருந்தாள். மலாயாவில் ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பிழைக்க வந்த நம் ஸ்திரீகள் நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் விட்டுவிட்டுக் கப்பலேறியது இந்த ஆறுதலைத்தான்.

கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை 1909இல் முடிந்த பிறகு, சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று அதன் இரு மருங்கிலும் காடழித்துத் தோட்டங்கள் எழும்பின. கங்காணிகள் கொண்டுவந்த குடும்பங்கள் லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியேறின. அந்த லயங்களில்தான் தாய்வீடு இல்லாத பிரசவங்கள் நிகழ்ந்தன. அடுத்த வாசலில் இருந்தவள் பெரியம்மாவானாள். கைப்பழக்கமுள்ள கிழவி ஒருத்தி மருத்துவச்சியானாள். பிள்ளை பெற்றவள் பிதற்றினால் நம்மவர் சன்னி என்றனர், காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்தனர். பக்கத்து மலாய்க் கிராமத்தில் அதற்கு மெரோயான் என்று பெயர். மலாய்க்காரர் நாற்பத்து நான்கு நாளும் சீனர் ஒரு மாதமும் தாயைத் தனியே வைத்துப் பேணினர். எந்த ஜனமும் பிள்ளைப்பேற்றை ஒரு நாள் காரியமாக எண்ணவில்லை என்பதும், பெற்றவளின் சித்தம் அந்நாட்களில் நொய்ந்திருக்கும் என்பதை வைத்தியசாஸ்திரம் எழுதி வைக்குமுன்பே பெண்கள் அறிந்திருந்தார்கள் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

ஆனால் தோட்டத்துக்கு நாள் என்பது கூலிக் கணக்கு. பால்மரம் வெட்டாத நாளுக்குக் காசு இல்லை. கூட்டு மலாய் மாநிலங்கள் 1923இலும், அதையொட்டி ஜொகூரும் இயற்றிய தொழிலாளர் சட்டங்கள் பேறுகாலப் படிக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கும் வழி செய்தன. அந்த இடத்துக்கு ஜனங்கள் இட்ட பெயர் ஆயாக் கொட்டகை. அதைக் கிட்டத்தில் நின்று பார்க்கவேண்டும். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு மணி அடிக்கும்; தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு, மற்றொரு கையில் வாளியும் உளியுமாகத் தாய்மார் இருட்டில் வருவார்கள்; உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்களில் பிள்ளைகளை இறக்குவார்கள். மரம் வெட்ட வயதில்லாத ஒரு கிழவி, ஒரு தொட்டிலைக் காலாலும் ஒன்றைக் கையாலும் ஆட்டிக்கொண்டு மூன்றாவது குழந்தைக்குத் தாலாட்டுவாள். பால் கட்டிய மார்போடு நிரையில் நிற்கிற தாய்க்கு மனம் கொட்டகையில்தான் இருக்கும்.

இதை நான் அழகுபடுத்திச் சொல்ல விரும்பவில்லை. ஒருத்தி கைக்கு அளவுக்கு மீறிய பிள்ளைகள், ஈ மொய்த்த பால் போத்தல், வயிற்றுப்போக்கு எல்லாம் அங்கே இருந்தன. எனினும் எந்தத் தாய் நேற்று சாப்பிடவில்லை, எவள் பிள்ளையை வாங்கும்போது முகம் பார்க்காமல் வாங்குகிறாள், எவளைப் புருஷன் அடித்தான் என்பதெல்லாம் ஆயாவுக்குத் தெரியும். மாலையில் அவள் அந்த வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். கொட்டகையிடம் சட்டம் கேட்டது குழந்தைக்கு நிழல் மட்டுமே. தாயையும் பார்த்துக்கொண்டது அந்தக் கிழவியின் சுபாவம்.

சித்தம் முற்றிலும் கலங்கியவர்களுக்கென்று சர்க்கார் 1937இல் ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் ஒரு மனநல மருத்துவமனையைத் திறந்தது. ஐந்து ஆண்டு நிறையுமுன் யுத்தம் வந்து, ஆஸ்திரேலியப் படையின் ஆஸ்பத்திரியொன்று அந்தக் கட்டடங்களில் தங்கிவிட்டுச் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. தோட்டங்களிலோ ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையில் மலாயாத் தமிழர் பல்லாயிரம் பேர் மாண்டனர். போனவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், தாலியைக் கழற்றவும் முடியாமல் அணியவும் மனமில்லாமல், மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிள்ளைகளை வளர்த்த ஸ்திரீகளின் மனோவியாகூலத்துக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் ஏடு இல்லை.

யுத்தத்துக்குப் பின் தம்போய் மீண்டும் மனநோயாளருக்கே ஆயிற்று; அதன் இன்றைய பெயர் பெர்மாய், அழகு என்று பொருள். 1950களிலிருந்து கிராமப்புறங்களுக்குச் சர்க்கார் மருந்தகங்களும் பிடான் என்னும் மருத்துவச்சிகளும் வந்தபோது, தோட்டத்து ஆரோக்கியம் நிர்வாகத்தின் பொறுப்பென்று கருதப்பட்டதால் லயத்துப் பெண்ணுக்கு அந்த நன்மை எளிதில் எட்டவில்லை. ஒரு பக்கம் தோட்டத்து மருந்தாளரான டிரசரின் மாத்திரை, மறு பக்கம் தம்போயின் மதில். இடையில் ஆயாவைத் தவிர யாருமில்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீட்டுமனைகளாயின; லயம் கலைந்து குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கு ஏறின. கூரை உறுதிப்பட்டது, வாசல் அறுபட்டது. புருஷன் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்ய விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுவிடுகிறான். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெண் கைக்குழந்தையோடு பதினான்கு மணி நேரம் தனியே இருக்கிறாள்.

2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தபோது சமூக மனநல மையங்களுக்கு இடம் கிடைத்தது. அதைவிட நான் பெரிதாக மதிக்கிற ஏற்பாடு ஒன்று அதற்கு வெகு முன்பிருந்தே உண்டு: தாய்சேய் நல மருந்தகத்துத் தாதி பிரசவமான 1, 2, 3, 4, 6, 8, 10, 15, 20ஆம் நாட்களில் வீடு தேடி வருகிறாள். ஜனங்கள் மிஸ்ஸி என்று அழைக்கிற அந்தப் பெண் செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே வந்து, தொப்புளைப் பார்க்கிறாள், தையலைப் பார்க்கிறாள், குழந்தையைத் தராசில் இடுகிறாள். தாயின் மனத்தைப் பார்க்கவும் வழி உண்டு: 1987இல் ஸ்காட்லாந்தில் காக்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்து, இன்று உலகெங்கும் வழங்குகிற பத்துக் கேள்விகள், சிரிக்க முடிகிறதா, தூக்கம் கெடுகிறதா, தேவையின்றித் தன்னையே நொந்துகொள்கிறாளா என்று விசாரிக்கின்றன. ஆயா முகம் பார்த்து அறிந்ததையே அவை எழுத்தில் கேட்கின்றன.

குறை, நாட்கணக்கில்தான் இருக்கிறது. பெற்றவளின் மனச்சோர்வு இருபதாம் நாளில் முடிவதன்று. பலருக்கு அதற்குப் பிறகே தலைகாட்டுகிறது. தாய்வீட்டில் மூன்று மாதம், ஐந்து மாதம் என்று வைத்திருந்த நம் கிழவிகள் இதைக் கணக்கிட்டே வைத்தார்கள் போலும். இருபதாம் நாள் மிஸ்ஸி எழுந்து நிற்கிறாள். பிள்ளையின் எடை ஏறியிருக்கிறது, எல்லாம் நன்று என்று ஏட்டில் எழுதுகிறாள். செருப்பு மாட்டப் போனவள் திரும்பி, "பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. நீ எப்படி இருக்கேம்மா?" என்று கேட்கிறாள். பதில் உடனே வருவதில்லை. மிஸ்ஸி பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்காருகிறாள்.