நிலைகொள்ளாத மனம்: பிரேசிலில் ஒரு போர்ச்சுக்கீசியச் சொல்

போர்ச்சுக்கீசிய மொழியில் ‘இன்கோன்ஸ்தான்சியா’ என்பது ஒரு நிலையில் நில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும் தன்மையைக் குறிக்கும். காற்றுக்கும் காதலுக்கும் ஊழுக்கும் பொதுவாக வழங்கிய இச்சொல், பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலின் கடற்கரையில் ஒரு மக்களினத்தின் மீதே சுமத்தப்பட்ட குற்றச்சாட்டாக இறுகிப்போனது.

1549இல் ஆளுநர் தோமே த சோசாவுடன் பாயியாவில் வந்திறங்கிய இயேசு சபைத் துறவியரின் தலைவர் மனுவேல் த நோப்ரெகா, அங்கு வாழ்ந்த துப்பினம்பா மக்களிடம் கோயிலோ சிலை வழிபாடோ இல்லாததைக் கண்டு, அவர்களை மதம் மாற்றுவது எளிது என்று நம்பினார். அந்த நம்பிக்கை சில ஆண்டுகளிலேயே தளர்ந்தது. செபங்களை ஆவலோடு கற்றுத் திருமுழுக்கும் பெற்றவர்கள், பெண்கள் மரவள்ளிக் கிழங்கை மென்று பானையில் உமிழ்ந்து புளிக்கவைத்த ‘காவின்’ என்னும் மதுவுக்கும், சிறைபிடித்த பகைவரைக் கொன்று உண்ணும் பழிவாங்கும் சடங்குக்கும் தயக்கமின்றித் திரும்பினார்கள். மறுப்பவர்களோடு வாதிடலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் இசைந்துவிட்டு எதையும் பற்றிக்கொள்ளாதவர்களை என்ன செய்வது என்பதே துறவியரின் திகைப்பு.

இத்திகைப்புக்கு மிகக் கூர்மையான வடிவம் தந்தவர், 1657இல் மரன்யாவோவில் மறையுரை ஆற்றிய அந்தோனியோ வியேரா. பளிங்கைச் செதுக்குவது கடினம், செதுக்கிய பின்னரோ உருவம் நிலைக்கும். மிர்ட்டில் என்னும் தோட்டச் செடியைக் கத்தரித்து உருவமாக்குவது எளிது, ஆனால் தோட்டக்காரர் நான்கு நாள் கவனியாவிட்டால் கண்ணைக் குத்தும்படி ஒரு கிளை நீளும், ஐந்து விரல் ஏழாகிவிடும். பிரேசில் மக்கள் இரண்டாம் வகையினர் என்றார் அவர். உவமை அழகானதுதான், ஆனால் கத்தரிக்கோலை ஒருபோதும் கீழே வைக்கலாகாது என்ற முடிவையும் அது உடன் கொண்டுவருகிறது. அந்த முடிவு அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையாகியிருந்தது: ஆளுநர் மெம் த சா காலத்தில், சிதறி வாழ்ந்தவர்கள் துறவியரின் மேற்பார்வையில் ‘அல்தேயா’ எனப்படும் குடியிருப்புகளில் திரட்டப்பட்டார்கள், நெருக்கமாக வாழ்ந்த அவர்களை 1562–63இல் பெரியம்மை பெருந்தொகையாகக் கொன்றது.

மானிடவியலாளர் எதுவார்தோ விவேய்ரோஸ் த காஸ்த்ரோ 1992இல் இச்சொல்லை மீண்டும் ஆராய்ந்தார். ஒரு கோட்பாட்டை ஏற்றால் மற்றவற்றைத் துறக்க வேண்டும் என்பது ஐரோப்பியரின் விதியே தவிர, அயலாரைத் தம்முள் ஏற்பதையே வாழ்முறையாகக் கொண்டிருந்த துப்பினம்பாவின் விதியன்று என்பது அவர் வாதம். வலிமையான வாதம் இது, ஏனெனில் நிலையற்றவர்கள் எனப்பட்ட அம்மக்கள் பகைவர் மீதான பழியைத் தலைமுறை தலைமுறையாக மறக்காதவர்கள் என்பதற்கு அதே ஐரோப்பியரின் பதிவுகளே சான்றாகின்றன.